குட்டையில் பெண்ணெடுத்த பிரசிடெண்டு

முனிரத்தினம் வேட்டியை உதறினார். தவளை விழுந்தது.

இது தினமும் நடக்கிற காரியம். அதே வேட்டி, அதே உதறல், அதே கத்தல். முனிரத்தினத்துக்குத்தான் இன்னும் பழகவில்லை, தவளைக்குப் பழகிவிட்டது. விழுந்த இடத்திலேயே சாவகாசமாக உட்கார்ந்து, அவர் திட்டி முடிக்கிறவரை மரியாதையாகக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் புழக்கடையைப் பார்த்துக் கிளம்பும்.

“ஏம்மே! இது இன்னா வீடா, ஏரியா? மனுசன் கட்டுற துணியில தவள குடும்பம் பண்ணிக்கினு கீது! எல்லாம் உன்னாலதான்! அன்னைக்கு அந்த ஓவர்சியரு கயிறு புடிச்சப்ப நீதானே வீட்டுல இருந்த? குறுக்கப் போய்ப் படுத்திருக்கலாம்ல? வாயில இன்னா கொழுக்கட்டயா வெச்சிருந்த?”

செங்கம்மா ஈரத் தரையில் பலகை போட்டு, அதன்மேல் குந்தி, கூழ் துழாவிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர்... புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக அடுப்பும் புகைந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் புழக்கடைச் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை சிரித்தது. செங்கம்மா துடுப்பைப் போட்டுவிட்டு ஓடினாள். சுவரின் அடியில் தண்ணீர் போக விட்ட ஓட்டை ஒன்று உண்டு. அதன் வழியாக ஒரு சின்னக் கை நீண்டு காற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெல்லக்கட்டியை அதில் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன.

“ஏ செல்லி! அங்க வாங்கித் துன்னாதேன்னு எத்தினி தபா சொல்றது! ஊட்டுல தண்ணிய உட்டவங்க, வாயில இன்னாத்தப் போடுவாங்களோ!”

அது இந்திராணியின் குரல். சின்னக் கை வெடுக்கென்று உள்ளே போயிற்று. வெல்லம் சேற்றில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அதை ஒரு தவளை வந்து முகர்ந்து பார்த்தது.

செங்கம்மாவுக்குக் குழந்தை கிடையாது. கொழுந்தன் கோவர்த்தனனின் மகள் செல்லியைத்தான் தன் மடியில் போட்டு வளர்க்கப்போகிறோம் என்று, அது பிறக்கும் முன்பே பழைய சேலையெல்லாம் கிழித்துத் துணி தைத்து வைத்தவள். இப்போது அந்தப் பெண்ணுக்கு நடக்கத் தெரியும், நாலு வார்த்தை பேசத் தெரியும். பெரியம்மாவின் முகம் மட்டும் தெரியாது. ஓட்டை வழியாகக் கை தெரியும், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கால்வாய்.

கொத்தப்பள்ளம், சத்தியவேட்டுக்கும் நாகலாபுரத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். மேலத்தெருவில் பெய்கிற மழைத்தண்ணீர் ஏரிக்குப் போகவேண்டும் என்று பஞ்சாயத்து முடிவு செய்தது. நல்ல முடிவுதான். தெருவோடு நேராகப் போனால் ஏரி. ஆனால் தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு பிரசிடெண்டு வரதராஜனின் வண்டிக் கொட்டாய் நின்றது. தண்ணீரைவிட வண்டிக்கு மரியாதை அதிகம். ஆகவே ஓவர்சியர் அளவுக்குப் பிடித்த கயிறு, கொட்டாய்க்கு முன்னால் வந்ததும் வெட்கப்பட்டுத் திரும்பி, செங்கம்மா வீட்டுப் புழக்கடைக்குள் நுழைந்தது. கால்வாயும் அதன் பின்னாலேயே நுழைந்தது. நுழைந்த இடத்திலேயே நின்றும் விட்டது. அதற்கு மேல் தோண்ட யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஐப்பசியில் மேலத்தெருத் தண்ணீர் முழுக்கச் சமையலறைக்கு வந்தது. உரல் மிதந்தது என்பார் முனிரத்தினம். கல் உரல் மிதக்குமா என்று கேட்டால், “எங்க ஊட்டுக்கு வந்து உரலையே கேளு” என்பார்.

நாகலாபுரத்துத் தாய்வீட்டில் பிள்ளை பெற்றுக்கொண்டு கைக்குழந்தையோடு திரும்பிய இந்திராணி, புழக்கடையில் குட்டையைப் பார்த்தாள். மூத்தவள் முகத்தையும் பார்த்தாள். அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. மாசமாக இருந்தபோது ஜன்னல் வழியாக அவளே பார்த்தது. பிரசிடெண்டும் ஓவர்சியரும் நிற்க, செங்கம்மா வீட்டைப் பார்த்துக் கை காட்டினாள்! கை காட்டிய பக்கமே கால்வாய் வந்துவிட்டது!

“கைப்புள்ளயோட நான் இங்க இருக்கக் கூடாதுன்னுதானே காவாய வரவெச்சீங்க? புள்ள இல்லாத வயித்தெரிச்சல்!” என்றாள். இந்த வார்த்தைக்குப் பிறகு ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. கோவர்த்தனன் புழக்கடைக்கு நடுவே கல் வைத்துச் சுவர் எழுப்பினான். ஈரம் செங்கம்மாவுக்கு, குழந்தை இந்திராணிக்கு என்று பாகம் பிரிந்தது.

செங்கம்மாவின் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். இந்தக் குட்டை போனால் சுவர் போகும், சுவர் போனால் குழந்தை வரும்.

முனிரத்தினம் மனு போட்டார். மனு போன நேரம் எல்லைத் தகராறு தீர்ந்து, ஊரை ஆந்திராவில் சேர்க்கப்போகிறார்கள் என்று பேச்சு. பழைய ஆபீசில், “உங்க ஊரு இனிமே எங்களுது இல்லய்யா” என்றார்கள். புது ஆபீசில், “இங்கா மா ஊரு காலேது” என்றார்கள். இன்னும் எங்கள் ஊர் ஆகவில்லை என்று அர்த்தம். ஆக, அந்த மழைக்காலம் முழுவதும் செங்கம்மா வீட்டுக் குட்டை எந்த ராஜ்ஜியத்தையும் சேராமல் சுயேச்சையாக இருந்தது. பிற்பாடு ஊர் ஆந்திராவில் சேர்ந்த மறுநாள் காலை, குட்டைத் தவளைகளில் பாதி தெலுங்கில் கத்த ஆரம்பித்ததை முனிரத்தினம் காதால் கேட்டிருக்கிறார். மீதிப் பாதி, பழையபடி மெட்ராஸிலேயே இருக்கவேண்டும் என்று மனு போட்டிருந்தன.

சேர்ந்த வருஷம் மழை பொய்த்தது. சாதாரண வெயிலா அது! ஏரிக்கரைப் பனைமரம் தன் நிழலைத் தானே மடித்து அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஏரி வெடித்த வெடிப்பில் கோவர்த்தனனின் செருப்பு விழுந்தது; விழுந்த சத்தம் இன்னும் வரவில்லை. ஊர் முழுக்கக் காய்ந்தும் ஈரமாக இருந்தது ஒரே இடம், செங்கம்மாவின் புழக்கடை. மேலத்தெருக் கிணற்றடியில் ஊரே குளித்துத் துவைத்த தண்ணீர், கால்வாய் வழியாக அங்கேதான் வந்து தேங்கியது. ஏரித் தவளைகளெல்லாம் குடும்பம் குடும்பமாகக் கால்வாய்க்குள் இறங்கி, வரிசையாக நடந்து, அங்கே குடியேறின.

அடுத்த ஆடி பிறந்தும் வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. பொன்னியம்மனுக்குக் கூழ் ஊற்றிப் பார்த்தார்கள். கொடும்பாவி இழுத்துப் பார்த்தார்கள். கடைசியில், கோயில் காரியங்களை எடுத்துச் செய்கிற கிருஷ்ணம்மா சொல்லிவிட்டாள். “தவளைக்குக் கல்யாணம் பண்ணாத்தான் மழ வரும். சும்மா வெளையாட்டு இல்ல. மனுசங்களுக்குப் பண்ற மாதிரி பொண்ணு கேட்டு, பரிசம் பேசி, காப்புக் கட்டிப் பண்ணணும். பரிசம் பேசாம பண்ணா இடிதான் வரும்.”

“மாப்பிள வீடு எங்க வீடு!” என்று முன்னால் வந்தார் வரதராஜன். புது ராஜ்ஜியம், புது எலெக்‌ஷன். ஊர் முன்னால் மாலை போட்டுக்கொள்கிற எதையும் அவர் விடுகிற நேரம் இல்லை. அவர் கிணற்றில் மிச்சமிருந்த ஒரே ஒரு தவளை, கல்யாணம் ஆகாமல் ஏங்கியதுபோல ஒல்லியாக இருந்தது. அதற்கே மாப்பிள்ளை யோகம்.

“பொண்ணு?” என்றது ஊர்.

ஊர் முழுக்கப் பெண் இருக்கிற வீடு ஒன்றுதான்.

மறுநாள் செங்கம்மாவின் வாசலில் மேளம். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, தேங்காய். பின்னால் ஊர். வரதராஜன் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்தார்.

“செங்கம்மா... உங்க வீட்டுப் பொண்ண எங்க வீட்டுக்குக் கேட்டு வந்திருக்கறோம்.”

“எந்தப் பொண்ணுங்க? எங்க வீட்டுல நெறய கீது” என்றாள் செங்கம்மா.

“பெத்தவ நீ, நீயே பாத்துக் குடு” என்றாள் கிருஷ்ணம்மா. “எந்த வூட்டுத் தண்ணில பொறந்துச்சோ, அந்த வூட்டுக்காரிதான் பொண்ணுக்குத் தாயி. பரிசம் கேக்கற உரிமையும் அவளுக்குத்தான்.”

பெத்தவ என்ற வார்த்தையில் செங்கம்மாவின் முகம் என்னவோ ஆயிற்று. வாழ்நாளில் அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குட்டைக்குள் இறங்கி, நல்ல லட்சணமான, கண் முழித்த தவளையாக ஒன்றைப் பிடித்து, மஞ்சள் பூசி, நெற்றியில் பொட்டும் வைத்துக் கொண்டுவந்தாள்.

“பரிசம் கேளும்மே!” என்றார் வரதராஜன், நாலு பேர் கேட்க. ஒரு சேலை, ஒரு பூசணிக்காய், அதற்கு மேல் என்ன கேட்டுவிடப்போகிறாள் என்ற தைரியம். “சம்பந்தி வாய் தொறந்து கேட்டா, இல்லேன்னு சொல்ற ஆள் இல்ல இந்த வரதராஜன்!” அதே மூச்சில் கையை நீட்டிக் காப்பும் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டிவிட்டால் கல்யாணம் முடியாமல் அவிழ்க்கக் கூடாது. அவர் செய்த தப்பு அதுதான்.

“பந்தல்ல கேக்கறேனுங்க” என்றாள் செங்கம்மா.

பந்தல் செங்கம்மா வீட்டுப் புழக்கடையிலேயே போட்டாயிற்று. ஊரே வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோவர்த்தனன் எட்டிப் பார்த்தான். கிருஷ்ணம்மா விடவில்லை.

“பொண்ணுக்குச் சித்தி எங்க? தாயோட ஓர்ப்படிதானே சித்தி! இந்திராணி, வந்து பொண்ணப் புடி. சித்தி இல்லாத கல்யாணமா?”

இந்திராணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். இடுப்பில் செல்லி. குழந்தையைச் சுவருக்கு மேலாகக் கோவர்த்தனனிடம் கொடுத்துவிட்டு, தவளையை இரண்டு கையாலும் வாங்கி, செங்கம்மா இருக்கிற பக்கம் பார்க்காமல் நின்றாள். இவ்வளவு கோபத்தோடு ஒரு தவளையை யாரும் பிடித்ததில்லை.

“பரிசத்தச் சொல்லு சம்பந்தி, நேரம் ஆவுது” என்றார் வரதராஜன்.

செங்கம்மா தலை நிமிர்ந்தாள்.

“உங்க வண்டிக் கொட்டாயத் தெருவ உட்டு உள்ள தள்ளுங்க சம்பந்தி. காவா நேரா ஏரிக்குப் போவட்டும். வேற ஒண்ணும் வேணாம்.”

மேளம் நின்றது.

“இது... இது தவளைக்குக் கேக்கறியா, உனக்குக் கேக்கறியா?”

“எம் பொண்ணு ஏரிக்குப் போயி வாழ வேணாமா? நடந்து போறதுக்கு வழி கேக்கறேன். பெத்தவ வேற இன்னா கேப்பா?”

கூட்டம் சிரித்தது. வரதராஜனுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

“காவாய நானா உங்க ஊட்டுக்குள்ள உட்டேன்? கை காட்டினவளே நீதானே!”

சிரிப்பு அப்படியே நின்றது. முனிரத்தினம் எழுந்துவிட்டார். “இன்னாது? நெசமாவே கை காட்டினாளா?”

“கேட்டீங்களா! எல்லாரும் கேட்டீங்களா!” இந்திராணி அலறினாள். “நான் இந்தக் கண்ணால பாத்தேன்னு சொன்னப்ப யாரும் நம்பல! இப்ப பிரசிடெண்டே சொல்றாரு! எங்கள வெரட்டணும்னே கை காட்டினாங்க...”

செங்கம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான், எல்லாம் போயிற்று... குட்டையும் இருக்கும், சுவரும் இருக்கும்...

வரதராஜன் கொட்டாயைத் தெருவில் போட்ட ஆள்தான். ஆனாலும் கையில் காப்பு இருக்கும்போது பாதி உண்மை சொல்லிவிட்டு நிற்க அவருக்குப் பயமாக இருந்தது. மேலே வானத்தை ஒருதரம் பார்த்தார்.

“இந்தாம்மா இந்திராணி, பாதில ஆரம்பிக்காத. முழுசாக் கேளு. ஓவர்சியரு மொதல்ல கயிறு புடிச்சது உன் அறைச் சுவத்து மேல. அந்தச் சுவர இடிச்சாத்தான் காவா போவும்னாரு. கடப்பாறயோட ஆளு வந்து நின்னாச்சு. நீ அப்ப மாசமா உள்ள படுத்துக்கினு இருந்த. இவ ஓடியாந்து குறுக்க நின்னா. ‘புள்ளத்தாச்சி இருக்கற ஊட்டுல சுவத்துல ஆணிகூட அடிக்க மாட்டோம், கடப்பாற படலாமா? வேணும்னா என் அடுப்பங்கரப் பக்கம் எடுத்துக்கங்க’ன்னு கை காட்டினா. ‘அவகிட்ட சொல்லிடாதீங்க, கேட்டாலே பயந்துடுவா’ன்னு என்னக் கையெடுத்துக் கும்பிட்டா. எனக்கும் சொல்லாம இருந்தா சௌரியமா இருந்துச்சு. சொல்லல.”

பந்தலில் தவளை தவிர யாரும் மூச்சு விடவில்லை.

“அண்ணி...” என்றான் கோவர்த்தனன்.

முனிரத்தினம் தடுமாறிப்போனார். தினமும் காலையில் தான் கத்திய கத்தல் மொத்தமும் ஒரே நேரத்தில் அவர் காதுக்குத் திரும்பி வந்தது. “ஏம்மே... குறுக்கப் படுக்கலயேன்னு தெனம் கேட்டேனே... நீ குறுக்கதான் நின்னியா? எங்கிட்டயாச்சும் சொல்லக் கூடாதா?”

“உங்ககிட்ட சொன்னா நீங்க தெருவுல நின்னு சொல்லுவீங்க” என்றாள் செங்கம்மா. அது ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் யாரும் மறுக்கவில்லை.

தவளையைப் பிடித்தபடியே இந்திராணி செங்கம்மாவின் பக்கம் திரும்பினாள். “அக்கா... ரெண்டு வருசமா... பலகையப் போட்டுக்கினு ஈரத்துல சமைச்சீங்களே... நான் பேசாத பேச்செல்லாம் பேசினேனே... வயித்தெரிச்சல்னு சொன்னேனே... ஒரு வார்த்த சொல்லியிருந்தா...”

“புள்ள பொறந்து நீ வந்ததும் சொல்லலாம்னுதான்டி இருந்தேன். அதுக்குள்ள சுவர் எழுந்துடுச்சு. சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு சொன்னா, செஞ்சதுக்குக் கூலி கேக்கற மாதிரி இருக்குமேன்னு...”

“அக்கா!”

இந்திராணி பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுத அழுகையில் பந்தல் கால் நனைந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் கல்யாணப் பெண் இருந்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள். பெண் மூச்சுத் திணறி, ஒரு முக்கு முக்கி, வெளியே குதித்து, கிருஷ்ணம்மாவின் தலையில் ஒரு கால் வைத்து, நேராகக் குட்டைக்குள் விழுந்தது.

“ஐயையோ! பொண்ணு ஓடிப்போச்சு!”

“மஞ்சப் பூசினது எதுன்னு பாருங்க!” என்று கத்தினாள் கிருஷ்ணம்மா. “வேற பொண்ணுக்குத் தாலி கட்டினா ஊரு உருப்படாது! மாப்பிள வீட்டுக்காரு எறங்கணும்!”

வரதராஜன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால்வரை சேறு என்று நினைத்தார். தொடைவரை போயிற்று. இன்னும் ஒரு அடி வைத்தார், இடுப்புவரை போயிற்று. ஊர் முழுக்கக் குளித்த அழுக்கு, கொசு, பாசி, நாற்றம். அவரே வழி விட்ட தண்ணீரின் நடுவில், மாலையோடு, காப்போடு, பிரசிடெண்டு நின்றார். சுற்றிலும் தவளைகள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தன. அவற்றில் பாதிக்கு அவர்மேல் மனு இருந்தது.

நெடுநேரம் துழாவி, பொட்டு வைத்த பெண்ணைப் பிடித்தார். பிடித்தவர் உடனே ஏறவில்லை. அங்கேயே நின்று செங்கம்மாவின் அடுப்பங்கரையைப் பார்த்தார். அந்தப் பலகையைப் பார்த்தார். சுவரில் தண்ணீர் நின்ற கறை, ஆள் உயரத்துக்கு இருந்தது.

“இதுலயாம்மே இருந்தீங்க...?” என்றார். குரல் இறங்கியிருந்தது. “கொட்டாய நாளைக்கு இல்ல, இன்னைக்கே பிரிச்சுடறேன் சம்பந்தி. பொண்ணு காத்துக்கினு இருக்கக் கூடாது.”

மாப்பிள்ளைத் தவளைக்குத் தாலி கட்டத் தெரியாததால் அதன் சார்பில் கிருஷ்ணம்மா கட்டினாள். மேளம் கொட்டியது. அந்த நேரம் பார்த்துத் தெற்கே கருத்தது. முதல் துளி வரதராஜனின் தலையில்தான் விழுந்தது. அது காக்கை போட்டது என்று சொல்பவர்களும் ஊரில் உண்டு. இரண்டாவது துளி விஷயத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அப்படிப் பெய்தது!

கல்யாணத்துக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் மண்வெட்டியைத் தேடி ஓடினார்கள். கொட்டாய்க் கூரை தெருவில் இறங்கியது. கயிறு பிடிக்க ஓவர்சியர் இல்லை; தண்ணீருக்கே வழி தெரிந்திருந்தது. கால்வாய் ஓரம் கட்டக் கல் வேண்டும் என்றபோது, கோவர்த்தனன் கடப்பாறையை எடுத்துக்கொண்டு தான் எழுப்பிய சுவரிடம் போய் நின்றான்.

“நில்லு தம்பி!” என்று ஓடிவந்தாள் செங்கம்மா. கொட்டும் மழையில் ஓர்ப்படியைப் பார்த்து, தணிந்த குரலில் கேட்டாள். “இந்திராணி... உனக்கு இப்ப... ஒண்ணும் இல்லையே? இருந்தா சுவத்துல கை வெக்கக் கூடாது...”

இந்திராணி அழுதுகொண்டே சிரித்தாள். “ஒண்ணும் இல்லக்கா! இடிக்கச் சொல்லுங்க!”

முதல் அடியைத் தம்பி போட, இரண்டாவதை அண்ணன் போட்டார். கடைசிக் கல் விழுந்ததும், அதற்கு அந்தப் பக்கத்தில் மழையில் நனைந்துகொண்டு செல்லி நின்றது. செங்கம்மாவின் முகத்தைப் பார்த்தது. தெரியவில்லை. கையைப் பார்த்தது. உடனே தன் கையை நீட்டி, காற்றைப் பிசைந்தது.

செங்கம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வெல்லம் மழையில் கரைந்து பாதிதான் மிச்சம். அதைக் குழந்தையின் கையில் வைத்து, குழந்தையை அப்படியே வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். இந்த முறை யாரும் கையைப் பிடுங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை. தரை காய்ந்திருந்தது. ஒரே அடுப்பில் பெரிய சட்டியில் கூழ் கொதித்தது. ஒரு பக்கம் செங்கம்மா, ஒரு பக்கம் இந்திராணி, நடுவில் செல்லி. குட்டை வடிந்து, தவளைகளெல்லாம் தெருவோரக் கால்வாய் வழியாக, பிரசிடெண்டு வீட்டுக்கு முன்னால் அணிவகுத்து ஏரிக்குப் போயாகிவிட்டது. போகும்போது அவர் எழுந்து நின்றதாகக் கேள்வி.

முனிரத்தினம் வேட்டியை உதறினார்.

ஒரு தவளை விழுந்தது. நெற்றியில் பொட்டு. பின்னாலேயே இன்னொன்று, ஒல்லியாக.

அவர் வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் தவளைகள் உட்கார்ந்து காத்திருந்தன. அவர் வாயை மூடிக்கொண்டு, வேட்டியை மெதுவாகக் கொடியில் போட்டுவிட்டு, அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினார்.

“ஏம்மே, செங்கம்மா! மாப்பிளயும் பொண்ணும் மறுவூடு வந்துகினு கீறாங்க. பலக எடுத்துப் போடு.”